தொப்பை இருக்கிறது, காலில் பலம் இல்லை: வயதானவர்களுக்கு எந்த உணவு மாற்றம் சரி?

"அம்மாவுக்கு 71 வயது. எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்கிறார் சர்க்கரை நோய் மருத்துவர். காலில் தசையே இல்லை, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். நான் யார் பேச்சைக் கேட்பது?"

கொஞ்ச நாளாக இந்தக் கேள்வி வேறு வேறு முகத்தோடு என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிடலாமா என்கிறார் ஒருவர். புரோட்டீன் பவுடர் டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, திறக்கலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசிக்கிறார் இன்னொருவர்.

அந்த அம்மாவுக்கு மருத்துவர் சொன்னதும் சரி, பிசியோதெரபிஸ்ட் சொன்னதும் சரி. ஒரே உடம்பில் கொழுப்பு கூடிக்கொண்டும் தசை கரைந்துகொண்டும் இருக்கலாம். வெளியே பார்த்தால் உடம்பு பெருத்திருக்கும், உள்ளே தசை மெலிந்திருக்கும். வயதாகும்போது தசை கரைவதற்கு சார்கோபீனியா என்ற பெயரை 1989-ல் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பெர்க் வைத்தார். கிரேக்க மொழியில் சதைப் பஞ்சம் என்று பொருள். இந்தத் தசை இழப்பும் பருமனும் சேர்ந்து வரும் நிலையை எப்படி இனம் காண்பது என்று ஐரோப்பாவின் ஊட்டச்சத்து, பருமன் துறை அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 2022-ல் ஒரு வரையறை கொடுத்தன. பிரச்சினை பழையது, அதற்கான பேச்சு புதியது. அதனால்தான் இரண்டு நிபுணர்கள் இரண்டு திசையில் இழுப்பதுபோல நமக்குத் தெரிகிறது.

என் அப்பா விஷயத்தில் நான் இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். 74 வயதில் நான்கு மாதத்தில் 8 கிலோ குறைத்தார். காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் அரை வயிறு, இரவில் பழம் மட்டும். வீட்டில் எல்லோரும் பாராட்டினோம். அப்புறம் ஒருநாள், நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு கையையும் ஊன்றுகிறார் என்பதைக் கவனித்தேன். அடுத்த வருஷம் 6 கிலோ திரும்பி வந்தது. கால் பலம் திரும்பவில்லை.

எடை குறைந்து திரும்ப ஏறிய மாதவிடாய் நின்ற பெண்களை ஆராய்ந்தபோதும் இதே கணக்குதான் வந்தது. ஒவ்வொரு கிலோ கொழுப்பு போனபோதும் கூடவே சுமார் 260 கிராம் தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத எடை போயிருக்கிறது. ஆனால் ஒரு கிலோ கொழுப்பு திரும்பியபோது அதில் சுமார் 120 கிராம்தான் திரும்பியது. இறங்கி ஏறும் ஒவ்வொரு சுற்றிலும் உடம்பு கொஞ்சம் தசையைக் கொடுத்துவிட்டுக் கொழுப்பை வாங்கிக்கொள்கிறது. ஆகவே எவ்வளவு குறையும் என்று கேட்பதற்கு முன், எது குறையும் என்று கேட்கச் சொல்கிறேன். கீழே வரும் ஐந்து வழிகளையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்கப்போகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

எழுந்து நடக்கும் பலம். இதுதான் முதல் அளவுகோல். மற்றவை எல்லாம் இதற்கு அப்புறம். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்ளட்டும். ஆசிய நிபுணர் குழுவின் 2019 வரையறைப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். ஐரோப்பியக் குழு 15 விநாடிக்கு மேல் என்று வைத்திருக்கிறது. கைப்பிடி பலத்தை அளக்கும் கருவி கிடைத்தால், ஆசிய அளவில் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே போகக் கூடாது. எதுவுமே இல்லையென்றால் ஒரு டேப் போதும். கெண்டைக்காலின் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33-க்கும் குறைந்தால் தசை இழப்பைச் சந்தேகிக்கலாம். பருமனானவர்களில் கொழுப்பும் வீக்கமும் இந்த டேப்பை ஏமாற்றும். அதனால் நாற்காலிச் சோதனையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

போகிற எடையில் கொழுப்பு எவ்வளவு. உடம்பில் கொழுப்பு, தசை, எலும்பு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தால் நன்றாகத் தெரியும். எடுக்க முடியாதவர்கள் இடுப்புச் சுற்றளவையும் நாற்காலி நேரத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். இடுப்பு சுருங்கி, எழும் நேரமும் குறைந்தால் போவது கொழுப்பு. எடை இறங்கியும் எழும் நேரம் கூடினால் தசையும் சேர்ந்து போகிறது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பிஎம்ஐ மட்டும் இங்கே உதவாது. வயதானால் உயரமே குறைகிறது, தசையையும் கொழுப்பையும் பிரித்துச் சொல்லும் வழி அதற்கு இல்லை.

எலும்பு. எடை இறங்கும்போது இடுப்பெலும்பின் அடர்த்தியும் இறங்குகிறது. ஏற்கெனவே எலும்பு மெலிந்தவருக்கு இது சின்ன விஷயமில்லை.

கூடவே இருக்கும் நோயும் மாத்திரையும். சிறுநீரகம், சர்க்கரை, பிரஷர், விழுங்குவதில் சிரமம்.

ஒரு வருஷம் தாங்குமா. யார் சமைப்பது, பல்செட்டோடு மெல்ல முடியுமா, தனியாக இருப்பவரா. இதைக் கணக்கில் எடுக்காத திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆறாவது வாரத்தில் நின்றுவிடும்.

## வழி 1: சாப்பாட்டை மட்டும் குறைப்பது

பெரும்பாலானவர்கள் இங்கேதான் தொடங்குகிறார்கள். எளிது, யாருடைய உதவியும் தேவையில்லை, தராசு உடனே பதில் சொல்கிறது. சர்க்கரை இறங்குகிறது, மூட்டின் பாரம் குறைகிறது.

இந்த வழியை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். 2011-ல் டென்னிஸ் வில்லாரியல் குழுவினர் 65 வயதுக்கு மேற்பட்ட, பருமனான 107 பேரை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். உணவை மட்டும் குறைத்தவர்களுக்கும் நடப்பது, எழுவது போன்ற உடல் திறன் மதிப்பெண் 12 சதவீதம் உயர்ந்தது. சுமக்கும் பாரம் குறைந்தாலே கால் கொஞ்சம் நிம்மதி அடைகிறது. ஆனால் அதே குழுவில் கொழுப்பில்லாத எடை 5 சதவீதமும், இடுப்பெலும்பின் அடர்த்தி சுமார் 3 சதவீதமும் குறைந்தன. கையிருப்பு நிறைய இருப்பவர் அதைத் தாங்குவார். ஏற்கெனவே தசை கரைந்தவர் எதை எடுத்துக் கொடுப்பார்?

மறைந்திருக்கும் செலவுகள் வேறு. சாப்பாடு பாதியாகி மாத்திரை அதே அளவில் நின்றால் லோ சுகர் வரும், குறிப்பாக இன்சுலினோ சல்போனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு. எடை இறங்கியும் பிரஷர் மாத்திரையை யாரும் திருத்தவில்லையென்றால், எழும்போது தலைசுற்றி விழுவார்கள். வேகமாக இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. இன்னொன்று, வயதானவர்கள் "குறைச்சுச் சாப்பிடு" என்று கேட்டால் முதலில் விடுவது முட்டை, மீன், பாலைத்தான். அவைதான் கனமான சாப்பாடு என்று நம்புகிறார்கள். பிஸ்கட்டும் இனிப்பு போட்ட டீயும் லேசானவை என்று தங்கிவிடுகின்றன. அப்பா செய்ததும் இதேதான், நானும் தலையாட்டினேன்.

இது பொருந்துவது குறைவான பேருக்கு. மூட்டு வலியால் எந்தப் பயிற்சியும் செய்ய முடியாமல், அறுவை சிகிச்சைக்கு முன் எடை இறங்கியே ஆக வேண்டியவர். அதுவும் மருத்துவரின் கண்பார்வையில், புரதத்தைத் தொடாமல். எப்படியானாலும் ஒருநாள் உணவு 1000 முதல் 1200 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்பது முதியோர் ஊட்டச்சத்து வழிகாட்டுதல்.

## வழி 2: எடையைத் தொடாமல் புரதத்தைக் கூட்டுவது

வயதான தசைக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இளைஞரின் தசை ஒரு வேளைக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கால் கிராம் புரதம் வந்தாலே வேலையைத் தொடங்கிவிடுகிறது. முதியவரின் தசைக்கு 0.4 கிராம் வரை தேவைப்படுகிறது. அதனால்தான் பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கிலோவுக்கு 0.8 கிராம் என்ற அளவு முதியவர்களுக்குப் போதாது என்று 2013-ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு சொன்னது. ஆரோக்கியமாக இருந்தால் நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம், நோயோடு இருந்தால் 1.2 முதல் 1.5 கிராம் என்பது அவர்கள் பரிந்துரை.

எந்தக் கிலோ என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 90 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு நேரடியாகப் பெருக்கினால் 100 கிராமைத் தாண்டும். அவ்வளவு சாப்பிட முடியாது, தேவையும் இல்லை. பருமனானவர்களுக்கு உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துக் கணக்கிடுவதே நடைமுறையில் ஒத்துவருகிறது. அந்த எடை 60 கிலோ என்றால் ஒருநாளைக்கு 60 முதல் 72 கிராம்.

அதை எப்படிப் பிரிப்பது என்பதும் முக்கியம். ஒரு வேளைக்கு 20 முதல் 30 கிராம் என்று மூன்றாகப் பிரியட்டும். முதியவர்களின் தட்டில் காலை வேளைதான் எப்போதும் ஏழை. இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, ஒரு கைப்பிடி கொட்டைகளில் 5 அல்லது 6. காலைக்கு இது போதும். மதியம் 100 கிராம் சமைத்த மீன் அல்லது கோழி என்றால் 20 கிராமுக்கு மேல் வரும். சைவம் என்றால் 200 கிராம் வெந்த பருப்போ பயறோ 16 முதல் 18 கிராம் தரும், அதோடு ஒரு கிண்ணம் தயிர். இரவுக்கு சோயா, பாலாடைக்கட்டி, முட்டை, எது பிடிக்குமோ அது. தாவரப் புரதத்தில் தசையைத் தட்டியெழுப்பும் லூசின் என்ற அமினோ அமிலம் பொதுவாகக் குறைவு. ஆகவே சைவர்கள் அளவைச் சற்றுக் கூட்டி, பருப்போடு பாலையோ சோயாவையோ சேர்த்துக்கொள்வது நல்லது.

இனி இதன் செலவுகள். முதலாவது, மற்றதைக் குறைக்காமல் இதை மேலே போட்டால் கலோரி கூடும், எடை ஏறும். சேர்ப்பதைவிட மாற்றிப் போடுவதுதான் வழி. தட்டில் சோறோ ரொட்டியோ கொஞ்சம் நகர்ந்து பருப்புக்கு இடம் கொடுக்க வேண்டும். இரண்டாவது, சிறுநீரகம். அதன் வடிகட்டும் திறன் (பரிசோதனை அறிக்கையில் eGFR என்று இருக்கும்) 30-க்குக் கீழே இருந்து, டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு நேர்மாறாக அதிகம் தேவை. எனவே இந்த வழியில் இறங்கும் முன் கிரியாட்டினின் பரிசோதனை ஒன்று கட்டாயம். மூன்றாவது, மலச்சிக்கல். காய்கறி, பழம், தண்ணீர் குறைந்தால் புரதத் திட்டம் முழுவதும் கழிவறையில் போய்த் தடைபடும். வயதானால் தாகமும் குறைவாகத் தெரியும். கேட்டுக்கேட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருக்கும்.

நான்காவது செலவை ஏமாற்றம் என்றே சொல்ல வேண்டும். 1994-ல் மரியா ஃபியட்டரோன் குழுவினர் முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாக 87 வயதான 100 பேருக்கு ஊட்டச்சத்து பானத்தையும் பளுப் பயிற்சியையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்களின் தசை பலம் இரட்டிப்புக்கும் மேலாக உயர்ந்தது. பயிற்சி இல்லாமல் பானம் மட்டும் குடித்தவர்களுக்குச் சொல்லும்படியான பலன் இல்லை. செங்கல்லைக் கொண்டுவந்து குவித்தால் மட்டும் சுவர் எழும்புவதில்லை, கொத்தனார் வேண்டும்.

இருந்தாலும் சிலருக்கு இதுதான் சரியான வழி. 80-ஐத் தாண்டியவர்கள், முயற்சி செய்யாமலே எடை இறங்கிக்கொண்டிருப்பவர்கள், அண்மையில் மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்கள். பத்து நாள் படுக்கையில் கிடந்தாலே ஆரோக்கியமான முதியவர்களின் கால்களிலிருந்து ஒரு கிலோ அளவுக்குத் தசை போய்விடுகிறது என்று 2007-ல் வந்த ஆய்வு காட்டியது. அந்த நேரத்தில் தொப்பையைப் பற்றிப் பேசக் கூடாது. பருமன் என்ற அளவை எட்டாத, கொஞ்சம் கூடுதல் எடை மட்டுமே உள்ள முதியவர்களையும் இங்கேதான் சேர்ப்பேன். அவர்களை எடை குறைக்கும் டயட்டில் போடாதீர்கள் என்று ஐரோப்பிய முதியோர் ஊட்டச்சத்து வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. அந்த ஒரு வரி தெரிந்திருந்தால் அப்பாவை நான் தடுத்திருப்பேன்.

## வழி 3: மெதுவாகக் குறைப்பது, புரதம், பளுப் பயிற்சி மூன்றும் சேர்த்து

அதே 2011 ஆய்வில் உணவுக் குறைப்பையும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களின் உடல் திறன் 21 சதவீதம் உயர்ந்தது. எடையும் உணவு மட்டும் குறைத்தவர்களுக்குச் சமமாகவே, சுமார் 9 சதவீதம், இறங்கியது. கொழுப்பில்லாத எடை 3 சதவீதமும் இடுப்பெலும்பு ஒரு சதவீதமும்தான் போயின. இழப்பு முற்றிலும் நிற்கவில்லை, குறைந்தது. நேர்மையாகச் சொன்னால், எடை இறங்கும்போது தசையில் ஒரு துளிகூடப் போகாத வழி இவர்களிடமும் இல்லை.

எந்தப் பயிற்சி என்பதற்கு 2017-ல் அதே குழு பதில் தேடியது. இந்த முறை 160 பேர். நடை போன்ற, மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை 5 சதவீதம் போனது, பளுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 2 சதவீதம், இரண்டையும் செய்தவர்களுக்கு 3 சதவீதம். உடல் திறன் மிக அதிகமாக உயர்ந்தது இரண்டையும் செய்தவர்களுக்கு. "தினமும் நடக்கிறேனே, போதாதா?" என்று கேட்பவர்களுக்கு இந்த எண்களைத்தான் காட்டுவேன். நடை இதயத்துக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. தசையைக் காப்பாற்ற அது மட்டும் போதாது.

பளுப் பயிற்சி என்றதும் ஜிம் நினைவுக்கு வந்து பலர் பின்வாங்குகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பளுப் பயிற்சிதான், அங்கே பளு உங்கள் உடம்பு. சுவரைத் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது எல்லாமே சேரும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள். எளிதாக வந்துவிட்டால் கொஞ்சம் கடினமாக்க வேண்டும் என்பதுதான் விதி. இது நடக்குமா என்று சந்தேகப்படுபவர்கள் 1990-ல் ஃபியட்டரோன் செய்த முதல் ஆய்வைப் பார்க்க வேண்டும். 90 வயதை ஒட்டிய பத்துப் பேர் எட்டு வாரம் பளு தூக்கினார்கள், முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதுக் காலும் சொன்னதைக் கேட்கிறது.

உணவில் குறைப்பது நாளுக்கு 500 கலோரி அளவில், வாரத்துக்கு அரை கிலோ இறங்கும் வேகத்தில். ஆறு மாதத்தில் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் இறங்கினால் போதும், அதற்கு மேல் அவசரம் வேண்டாம். எங்கே கை வைப்பது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. இனிப்புப் பானங்கள், பொரித்தவை, சாப்பாட்டுக்கு இடையே வரும் நொறுக்குகள், இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும் மாவுச்சத்து. இந்த வரிசையில் குறையுங்கள். முட்டை, பால், மீன், பருப்பு இருக்கும் பக்கம் கத்தியைக் கொண்டுபோகாதீர்கள்.

இந்த வழியின் மறைவான செலவு, மனிதர். யாராவது ஒருவர் பயிற்சியின்போது பக்கத்தில் நிற்க வேண்டும், முதல் சில வாரமாவது பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்க வேண்டும், புரதம் கணக்குப் பார்த்துச் சமைக்க வேண்டும். இந்த வேலை பெரும்பாலும் வீட்டில் ஒரு பெண்ணின் தலையில்தான் விழுகிறது. திட்டம் போடும்போதே யார் எதைச் செய்வது என்று பேசிப் பிரித்துக்கொள்ளாவிட்டால், அவர் களைத்துப்போகும் அன்று திட்டமும் நிற்கும். அடுத்தது பொறுமை. தராசு மெதுவாகத்தான் நகரும், சில வாரம் நகரவே நகராது. பெரியவர்கள் மனம் விட்டுப்போவது அப்போதுதான். நெஞ்சுவலி, அண்மையில் எலும்பு முறிவு, கட்டுப்படாத பிரஷர் இருந்தால் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

## வழி 4: நேரம் பார்த்துச் சாப்பிடுவது

எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு, பதினாறு மணி நேரம் வயிற்றைக் காலியாக விடும் முறையைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். 2020-ல் வெளியான ஓர் ஆய்வில் 116 பேர் 12 வாரம் பங்கேற்றார்கள். மூன்று வேளையும் வழக்கம்போலச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால் எடையில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. உடலமைப்பை அளந்தவர்களிடம் கை கால்களின் கொழுப்பில்லாத எடை குறைந்தது தெரிந்தது. அவர்கள் எல்லோரும் 64 வயது வரையிலானவர்கள். அவர்களுக்கே இப்படியென்றால் 70-ஐக் கடந்தவர்களை இதில் இறக்க எனக்குத் துணிவில்லை.

கணக்கும் ஒத்துவரவில்லை. 70 கிராம் புரதத்தை இரண்டே வேளையில் கொடுத்தால் வேளைக்கு 35 கிராம். பசி குறைந்த, மெல்லச் சிரமப்படும் ஒருவர் அதை எப்படி முடிப்பார்? சாப்பாட்டோடு எடுக்க வேண்டிய மாத்திரைகளின் நேரமும் குழம்பும். இரவு பத்து மணிக்கு மேல் நொறுக்குத் தீனி எடுக்கும் பழக்கம் உள்ளவருக்கு மட்டும், இரவுச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவே 12 மணி நேரம் விடும் எளிய வடிவம் உதவலாம். வேளைகள் மூன்றும் அப்படியே இருக்கட்டும்.

## வழி 5: பவுடரும் மாத்திரையும்

பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தில் லூசின் அதிகம், சீக்கிரம் செரிக்கும். பல் போனவர்களுக்கும், அறுவை சிகிச்சைக்குப் பின் சாப்பாடு இறங்காதவர்களுக்கும், காலை வேளையில் எதுவும் பிடிக்காதவர்களுக்கும் இது நல்ல கைத்தடி. நன்றாக மென்று சாப்பிடக்கூடியவருக்குத் தேவையில்லை. வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சத்துப் பானம் என்ற பெயரில் வரும் பலவற்றில் புரதத்தைவிடச் சர்க்கரை அதிகம். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் கொடுத்துப் பசியைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

வைட்டமின் டி குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் தினசரி அளவு சரி. வருஷத்துக்கு ஒரே முறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் முதிய பெண்கள் விழுந்ததும் எலும்பு முறிந்ததும் கூடத்தான் செய்தன. நிறையக் கொடுத்தால் நிறையப் பலன் என்பது இங்கே செல்லாது.

எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். உணவு மாற்றம் இல்லைதான், ஆனாலும் ஒரு வார்த்தை. செமாகுளூடைட் மருந்தின் பெரிய ஆய்வில் உடலமைப்பை அளந்த சிறு பிரிவினரிடம், போன எடையில் ஐந்தில் இரண்டு பங்கு அளவு கொழுப்பில்லாத எடை. அதில் எல்லாமே தசை இல்லை, நீரும் மற்ற திசுக்களும் உண்டு. இருந்தும், மருத்துவர் இந்த ஊசியைத் தொடங்கினால் மூன்றாம் வழியின் புரதமும் பயிற்சியும் அன்றைக்கே தொடங்க வேண்டும். பசியே இல்லாத நேரத்தில் தட்டில் முதலில் கை போக வேண்டியது புரதத்துக்கு.

## ஒரே பார்வையில்

| வழி | கால் பலம் | கொழுப்பு | எலும்பு | யார் கவனிக்க வேண்டும் | வீட்டுச் சுமை |
|---|---|---|---|---|---|
| சாப்பாட்டை மட்டும் குறைப்பது | ஓரளவு கூடும், தசை போகும் | நன்றாகக் குறையும் | அதிகம் இழக்கும் | சர்க்கரை, பிரஷர் மாத்திரை எடுப்பவர் | குறைவு |
| எடையைத் தொடாமல் புரதம் | பயிற்சி இருந்தால் கூடும் | பெரிதாகக் குறையாது | ஆபத்து இல்லை | சிறுநீரக நோயாளி | நடுத்தரம் |
| மூன்றும் சேர்த்து | அதிகம் கூடும் | நன்றாகக் குறையும் | கொஞ்சம் இழக்கும் | இதய நோயாளி, எலும்பு முறிந்தவர், சிறுநீரக நோயாளி | அதிகம் |
| நேரம் பார்த்துச் சாப்பிடுவது | குறையலாம் | உறுதியில்லை | முதியவர்களிடம் தெளிவில்லை | இன்சுலின் எடுப்பவர் | குறைவு |
| பவுடர், மாத்திரை | தனியாகப் பலன் குறைவு | இல்லை | குறைபாட்டை நிரப்பும் | சிறுநீரக நோயாளி | குறைவு |

## அப்படியானால் யாருக்கு எது

முதலில் சொன்ன அந்த 71 வயது அம்மாவுக்கு மூன்றாம் வழி. பருமன் இருக்கிறது, அதனால் சர்க்கரை ஏறியிருக்கிறது, நடமாட்டம் இருக்கிறது, உதவ மகள் இருக்கிறார். எடை குறைக்கச் சொன்ன மருத்துவரிடமே போய், பயிற்சியோடு சேர்த்து மெதுவாகக் குறைக்கிறோம், மாத்திரை அளவை எப்போது திருத்துவீர்கள் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத் தொடங்கும் முன்பே கேட்பது முக்கியம், தலைசுற்றி விழுந்த பிறகு இல்லை.

அந்த மகளால் மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்க முடியவில்லையென்றால்? காலை வேளைப் புரதமும் நாற்காலிப் பயிற்சியும் முதலில் வரட்டும். ஒரு மாதம் கழித்துக் கலோரியைக் குறைக்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், முதலில் குறைத்துவிட்டு, பலம் போனபின் பயிற்சியைத் தேடுகிறார்கள்.

83 வயதில் தனியாக இருக்கும், தொப்பை இருந்தாலும் துணி தொளதொளவென்று ஆகிவரும் பெரியவருக்கு இரண்டாம் வழி. அவர் எடை ஏன் இறங்குகிறது என்று மருத்துவர் பார்ப்பது அதற்கும் முன்னால். சிறுநீரகம் பழுதானவர் இந்தக் கட்டுரையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அவருக்கு உணவியல் நிபுணர் கிராம் கணக்கில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எந்த வழியானாலும் தொடங்கும் நாளில் மூன்று எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எடை, இடுப்புச் சுற்றளவு, ஐந்து முறை எழும் நேரம். மாதம் ஒருமுறை அதே நாற்காலியில், அதே செருப்போடு அளக்க வேண்டும். எடை இறங்கி எழும் நேரம் கூடினால், அடுத்த மாதம் கலோரிக் குறைப்பை நிறுத்திவிட்டுப் புரதத்தையும் பயிற்சியையும் மட்டும் தொடருங்கள். எடை நின்ற இடத்திலேயே நின்று எழும் நேரம் குறைந்தால், எதையும் மாற்றாதீர்கள்.

அப்பாவுக்கு இப்போது 77. எடை போன வருஷம் இருந்த அதேதான். எழும் நேரம் 19 விநாடியிலிருந்து 14-க்கு வந்திருக்கிறது. காலையில் இரண்டு முட்டையும் பாலும் முடித்துவிட்டு, நாற்காலியைச் சுவரோரம் அவரே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.